டோக்கன் கேட்காத பந்தி: கிருபையைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் வருஷத்துக்கு ஒரு நாள் அசனம், அதாவது சபை விருந்து, நடக்கும். முந்தின ராத்திரியே கோயிலுக்குப் பின்னால் அடுப்பு வெட்டி, ஆட்டுக்கறி அரிந்து, விடியவிடிய அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தி. சில வருஷங்களுக்கு முன்பு என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரைக் கூட்டிப்போனேன். சர்ச்சுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. பந்தி ஓரமாக நின்று அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "சார், டோக்கன் எங்க வாங்கணும்?" என்று கேட்டார். டோக்கனெல்லாம் கிடையாது, உட்காருங்கள் என்றேன். அவருக்கு மனசு ஒப்பவில்லை. "அப்ப உண்டியல்ல ஏதாவது போட்டுட்டு வந்துடறேன்" என்று பர்ஸை எடுத்தார். அதற்குள் வாளியோடு வந்த பையன் அவர் நின்ற இடத்துக்கு எதிரே காலியாக இருந்த இலையில் சோற்றைக் கொட்டிவிட்டு, "உக்காருங்கண்ணே, வழிய மறிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். முதல் நாலு கவளம் வரைக்கும் கூச்சம் போகவில்லை. அப்புறம் ரெண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார்.

கிருபை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அவர் கையில் இருந்த பர்ஸ்தான் ஞாபகம் வரும்.

இந்தக் கட்டுரை இரண்டு வகை ஆட்களுக்கு. ஒன்று, கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள வந்தவர்கள். இரண்டாவது, பிறந்ததிலிருந்தே கோயிலுக்குப் போய்க்கொண்டு, உள்ளுக்குள் களைத்துப்போனவர்கள். நான் குருவானவர் இல்லை, வேதபாட வகுப்பு எடுக்கிற சாதாரண சபையார். நான் தடுக்கி விழுந்த இடங்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகள் வாசிக்கிற பழைய தமிழ் வேதாகமத்தில் "கிருபை" என்று இருக்கும். கத்தோலிக்கர்கள் வாசிக்கிற திருவிவிலியத்தில் "அருள்" என்று இருக்கும். மூலம் ஒன்றுதான்: காரிஸ் என்ற கிரேக்கச் சொல். தயவு, இலவசமாகக் கொடுத்தது, அதைப் பெற்றவரின் நன்றி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அதேபோல் பழையதில் வருகிற "சுயாதீனம்" என்றால் விடுதலை. எந்தப் புத்தகம் கையில் இருந்தாலும் கவலையில்லை. பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால் திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். நானே அப்படித்தான் செய்கிறேன்.

கிருபைக்கு எதிர்ச்சொல் எது என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் "கோபம்" அல்லது "தண்டனை" என்பார்கள். புதிய ஏற்பாட்டின் பல நிருபங்களை, அதாவது கடிதங்களை, எழுதின அப்போஸ்தலர் பவுலைக் கேட்டால் "சம்பளம்" என்பார். ரோமருக்கு எழுதின நிருபம் 6:23-ஐ (6-ம் அதிகாரம், 23-ம் வசனம்) எடுத்துப் பாருங்கள். "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ..." என்று போகிறது. அங்கே சம்பளம் என்பதற்கு அவர் போட்டிருக்கும் கிரேக்கச் சொல் போர்வீரர்களுக்குக் கொடுக்கிற படிக்காசைக் குறிப்பது. வேலை செய்தாய், இந்தா கூலி. இதற்கு நேர் எதிரே வரம் நிற்கிறது. வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நமக்கு இது ஏறுவது கஷ்டம். கல்யாண வீட்டில் மொய் வாங்கினால் நோட்டில் எழுதி வைத்து, அடுத்த கல்யாணத்தில் கூட ஐம்பது சேர்த்துத் திருப்பிச் செய்கிற ஊர் நம்முடையது. வாங்கினால் திருப்பிக் கொடுக்கணும் என்பது நல்ல பழக்கம்தான். கடவுளிடம் போகும்போதும் மொய் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதில்தான் சிக்கல்.

உங்கள் நோட்டைக் கண்டுபிடியுங்கள்

என் நோட்டு நிஜமாகவே ஒரு நோட்டு. காலேஜ் முடித்த வருஷம் ஒரு டைரியில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம், கோபப்படாமல் இருந்தது, கெட்ட எண்ணம் வராமல் இருந்தது என்று ஐந்து கட்டம். செய்திருந்தால் நீல மையில் டிக். தவறியிருந்தால் சிவப்பு மையில் பெருக்கல் குறி. வாரக் கடைசியில் கூட்டிப் போடுவேன். மார்க் நன்றாக வந்த வாரம் ஜெபத்தில் குரல் தானாக உயரும். வராத வாரம் முழங்கால் போடவே வெட்கமாக இருக்கும், ரெண்டு நாள் ஜெபமே பண்ண மாட்டேன். அதற்கும் சேர்த்துச் சிவப்புக் குறி விழும்.

எங்கள் ஊரில் அப்போது இருந்த உபதேசியார், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருமையாக அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "கட்டமெல்லாம் நல்லாப் போட்டிருக்கே. யாரு தம்பி இதத் திருத்துறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "எழுதறதும் நீ, திருத்தறதும் நீயா?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு மாசம் எனக்கு அவர்மேல் கோபம். அந்த டைரியின் மிச்சப் பக்கங்களில் அப்புறம் அம்மா பால் கணக்கு எழுதினார்கள்.

உங்களுக்கு நோட்டு கண்ணில் படாமல் மனசுக்குள் இருக்கலாம். அதை வெளியே எடுக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு தாளில் "நான் ______ செய்தால்தான் கடவுள் என்னை ஏற்றுக்கொள்வார்" என்று பத்துத் தடவை எழுதி, கோடிட்ட இடத்தில் மனசுக்கு முதலில் வருவதை நிரப்புங்கள். "சரியான பதில்" என்று தோன்றுவதை எழுதாதீர்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. குடியை விட்டால்தான், அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டால்தான், அந்த நேர்த்திக்கடனைச் செலுத்தினால்தான், அழுது ஜெபித்தால்தான், ஊழியத்துக்கு வந்தால்தான்... இப்படி ஏதேதோ வரும். அதில் பாதி நல்ல காரியங்களாகவே இருக்கும். செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த "தால்தான்" மேல் மட்டும் ஒரு வட்டம் போட்டுத் தாளை மடித்து வையுங்கள். மூன்றாவது வாரம் தேவைப்படும்.

லூக்கா 15, ஒரே இருப்பில்

எங்கிருந்து வாசிக்க ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களிடம் ஆதியாகமத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். லேவியராகமம் வந்ததும் பாதிப்பேர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். லூக்கா எழுதின சுவிசேஷம் 15-ம் அதிகாரத்திலிருந்து ஆரம்பியுங்கள். கெட்ட குமாரன் கதை. ஏற்கெனவே தெரிந்த கதையாக இருந்தாலும் பென்சிலோடு உட்காருங்கள்.

ஒரு அப்பாவுக்கு இரண்டு மகன்கள். இளையவன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போய், எல்லாவற்றையும் அழித்து, பன்றி மேய்த்து, பசியில் அவனுக்குப் புத்தி தெளிகிறது. வீட்டுக்குப் போய் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்கிறான். 18, 19-ம் வசனங்களில் அந்தப் பேச்சு முழுசாக இருக்கிறது. மூன்று பகுதி: பாவம் செய்தேன், உம்முடைய மகன் என்று சொல்லப்பட எனக்குத் தகுதியில்லை, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். இப்போது 21-ம் வசனத்துக்கு வாருங்கள். அப்பா எதிரே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டபின் அவன் நிஜமாகவே பேசுகிற இடம். முதல் பகுதி இருக்கிறது. இரண்டாவது இருக்கிறது. கூலிக்காரன் என்கிற மூன்றாவது பகுதி வரவேயில்லை. அதைச் சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் அப்பா வேலைக்காரர்களிடம் வஸ்திரம் கொண்டுவாருங்கள், மோதிரம் போடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். 19-ம் வசனத்தின் கடைசி வரியைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். சம்பளத்துக்கு வருகிறேன் என்று பையன் போட்டு வைத்திருந்த திட்டத்தைக் காதில் வாங்கவே அப்பாவுக்கு நேரமில்லை.

அங்கே நிறுத்திவிடாதீர்கள். தம்பிக்காக அப்பா வைத்த விருந்துக்குள் வராமல் வெளியே நிற்கிற மூத்தவன்தான் கோயிலுக்குப் போய்ப் பழகின ஆள். இத்தனை வருஷமாய் ஊழியம் செய்தேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லையே என்கிறான். தகப்பன் வீட்டிலேயே இருந்துகொண்டு கூலிக் கணக்கு எழுதினவன் அவன். என் டைரிக்காரன். கதையில் அவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலே இயேசு முடித்துவிடுகிறார்.

பிறகு கலாத்தியர், ஆறு நாள்

ஆறு அதிகாரம், மொத்தம் 149 வசனம். நாளுக்கு ஒரு அதிகாரம், இருபது நிமிஷம் போதும். இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் இருந்த சபைகளுக்குப் பவுல் எழுதின கடிதம் இது. அவருடைய மற்ற நிருபங்கள் பெரும்பாலும் உங்களுக்காக ஸ்தோத்திரம் செய்கிறேன் என்று நன்றியோடு தொடங்கும். இதில் அது இல்லை. வாழ்த்து முடிந்த கையோடு திட்டத் தொடங்கிவிடுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் "புத்தியில்லாத கலாத்தியரே" என்றே கூப்பிடுகிறார்.

அவருக்கு என்ன அவ்வளவு கோபம்? யூதர் அல்லாத அந்த ஜனங்கள் இயேசுவை விசுவாசித்து சபையில் சேர்ந்திருந்தார்கள். பின்னால் வந்த சிலர், அது மட்டும் போதாது, யூத முறைப்படி நுனித்தோலை நீக்குகிற விருத்தசேதனமும் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். இயேசுவோடு இன்னொன்றும் வேண்டும் என்கிற அந்தக் கூட்டல் குறிதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நம் காலத்தில் யாரும் விருத்தசேதனம் கேட்பதில்லை. கம்மலைக் கழற்றினால்தான், வெள்ளைச் சேலை கட்டினால்தான், அந்நியபாஷை பேசினால்தான், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தால்தான் என்று கேட்கிறார்கள். நகை போடாமல் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் சொந்த அத்தையே மனமாரக் கழற்றி வைத்தவர், அவரைவிடச் சந்தோஷமான மனுஷியை நான் பார்த்ததில்லை. நன்றியினால் கழற்றுவதும், கழற்றாவிட்டால் பரலோகம் கிடைக்காது என்று பயந்து கழற்றுவதும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இரண்டாம் அதிகாரத்தில் 11-ம் வசனத்திலிருந்து நிதானமாகப் போங்கள். அந்தியோகியாவில் இயேசுவின் சீடர் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதர் அல்லாதவர்களோடு, ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து அங்குள்ள சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்துபோய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். பவுலின் கூட்டாளி பர்னபாவும் கூடச் சேர்ந்துகொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவை நேருக்கு நேர் கேட்டார். சாப்பாட்டுப் பந்தியில் எழுந்து போனதற்காக இவ்வளவு சண்டையா என்று வெளிநாட்டுக்காரருக்கு விளக்க வேண்டியிருக்கும். நமக்கு விளக்கவே வேண்டாம். தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிக்குச் சாதி தனியாக உட்கார்ந்து, அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தையும் தனித்தனியாக வாங்கிய காலம் இருந்தது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கட்டளை அனுப்பினபோது, ஏற்க மாட்டோம் என்று ஒரு பெரும் கூட்டம் பிரிந்தே போனது. கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் நிற்கிற ஊர்கள் இன்றைக்கும் உண்டு. கிருபையினால் இரட்சிக்கப்பட்டேன் என்று பாடிவிட்டுப் பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கிறவருக்காகத்தான் இந்த அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

மூன்றாம் அதிகாரத்தில், மோசே கொடுத்த கட்டளைகளான நியாயப்பிரமாணத்தை "உபாத்தி" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். உபாத்தியாயர் என்று நினைத்தால் கொஞ்சம் தடம் மாறிவிடும். கிரேக்க வீடுகளில் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வழியில் வம்பு பண்ணினால் கண்டித்து, திரும்பக் கூட்டிவருகிற அடிமைக்கு அந்தப் பெயர். பையன் பெரியவன் ஆகும்வரைதான் அவனுக்கு வேலை. கட்டளைகள் கெட்டவை என்று பவுல் சொல்லவில்லை. இருபத்தைந்து வயசு ஆளை யாராவது கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

நான்காம் அதிகாரத்தில் 6-ம் வசனத்துக்கு வந்தால் தமிழர்களுக்குத் தனியாக ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. "அப்பா, பிதாவே" என்று இருக்கும். இயேசு பேசின அரமேய மொழியில் தகப்பனுக்கு "அப்பா"தான். உலகத்தில் எத்தனையோ மொழிகளில் இந்த வார்த்தைக்கு அடிக்குறிப்பு போடுகிறார்கள். நாம் படித்துவிட்டு நேராக அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

ஐந்தாம் அதிகாரத்தின் முதல் வசனம்தான் இந்த நிருபத்தின் நடுப்புள்ளி. கிறிஸ்து உண்டாக்கின சுயாதீனத்தில் நிலைகொண்டிருங்கள், மறுபடியும் அடிமை நுகத்தில் கழுத்தைக் கொடுக்காதீர்கள் என்கிறது. மனப்பாடம் செய்ய ஒரே ஒரு வசனம் வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் அதிகாரத்தை வேகமாக வாசிக்கலாம்.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கின மார்ட்டின் லூதருக்கு இந்த நிருபத்தின்மேல் அப்படியொரு பிரியம். தன் மனைவி கத்தரீனாவின் பெயரைச் சொல்லி, இது என் கத்தரீனா என்பாராம். அவர் 1505-ல் எர்ஃபுர்ட் நகரத்து மடத்தில் சேர்ந்த இளம் துறவி. மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார். எழுந்து வெளியே வந்ததும் ஒன்று விட்டுப்போனது ஞாபகம் வந்து திரும்பப் போவார். கேட்கிற பெரியவர் ஸ்டாபிட்ஸே சலித்துப்போனாராம். அவர் கையிலும் ஒரு டைரி இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

தாளை விரியுங்கள், பேசுங்கள்

மூன்றாவது வாரம் அந்த மடித்த தாளை எடுங்கள். பாவ அறிக்கை என்றதும் பயப்பட வேண்டாம். யாரும் இல்லாத இடத்தில், வாய்விட்டு, பேர் சொல்லிச் சொல்லுங்கள். "நான் பாவி" என்று மொத்தமாகச் சொல்வது சுலபம், அதில் வலி இல்லை. "போன மாசம் பெரியம்மாவிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கினேன்" என்பதுதான் அறிக்கை. ஒருமுறை சொன்னால் போதும். அதையே நாற்பது தடவை திரும்பச் சொன்னால் அதுவும் கூலி வேலையாக மாறிவிடும். வார்த்தை வரவில்லை என்றால் நான் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது இது:

"அப்பா, இந்தத் தாளில் இருக்கிறதைச் செய்து முடித்துவிட்டு உங்களிடம் வரலாம் என்று இருந்தேன். முடியவில்லை. முடிக்காமலே வந்திருக்கிறேன். இயேசு எனக்காகச் செய்ததை வாங்கிக்கொள்கிறேன். எனக்கு எப்படி வாங்குவது என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஆமென்."

கத்தோலிக்கராக இருந்தால் குருவானவரிடம் பாவ அறிக்கை செய்கிற ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகலாம். மற்ற சபைகளில் போதகரிடமோ நம்பிக்கையான ஒரு மூத்தவரிடமோ பேசலாம். இன்னொரு மனுஷர் வாயால் "மன்னிக்கப்பட்டது" என்று கேட்பதில் ஒரு பலம் இருக்கிறது. ஆனால் ஊர் முழுக்கப் பேசுகிற ஆளிடம் போய்விடாதீர்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுங்கள். சகேயு என்ற வரி வசூல்காரர் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்து, ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பினார். அதில் வரிசையை மட்டும் பாருங்கள். கொடுத்தபிறகு இயேசு வீட்டுக்கு வரவில்லை. இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு முதலில் சொல்லிவிட்டார்.

அழுகை வரவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை, அப்போது நடந்ததா நடக்கவில்லையா என்று சிலர் குழம்புவார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில் தன் இருதயம் அதிசயமாய் அனல் கொண்டதாக எழுதியதைப் பிரசங்கங்களில் அடிக்கடி சொல்வார்கள். எட்டு மாதம் முடிவதற்குள், 1739 ஜனவரியில், நான் இப்போது கிறிஸ்தவனே இல்லை என்று அதே மனுஷன் நாட்குறிப்பில் எழுதியதை யாரும் சொல்வதில்லை. இரண்டையும் எழுதிவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டு போனார். அனல் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஒரு பந்தியில் போய் உட்காருங்கள்

தனியாக யூடியூபில் பிரசங்கம் கேட்டுக்கொண்டு காலம் தள்ள முடியாது. ஒரு சபை வேண்டும். பெரிய சபையா சின்ன சபையா, கிட்டாரா பைப் ஆர்கனா என்பதெல்லாம் உங்கள் ருசி. குறைந்தது நாலு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இவற்றைக் கண்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்: ஆசீர்வாதத்துக்கு இவ்வளவு என்று விதைப்புக் காணிக்கைக்கு ரேட் சொல்கிற இடம். ஊழியக்காரரைக் கேள்வி கேட்டால் சாபம் வரும் என்கிற இடம். மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்கிற இடம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மனச்சோர்வுக்கும் போடுகிற மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஜெபிக்கலாம், தேவன் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம், உங்கள் ஊர் பேர் கேட்டு, தெரு பேர் கேட்டு, அதிலிருந்து சாதியைக் கண்டுபிடித்தபிறகுதான் சிரிக்கிற இடம்.

வேறு மதத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞானஸ்நானத்துக்கு அவசரம் வேண்டாம், யார் அவசரப்படுத்தினாலும். வீட்டில் சாமி படத்தைக் கழற்றிச் சண்டை போட்டு, அம்மாவை அழவைத்துவிட்டு வந்து சாட்சி சொல்லாதீர்கள். விடுதலை கிடைத்த ஆள் வீட்டில் முன்னைவிடப் பொறுமையாக இருந்தால் அதுவே பாதி சாட்சி. பல சபைகளில் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருவிருந்து கொடுப்பதில்லை. அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருங்கள். அசனத்துக்கு அந்த விதி கிடையாது.

திரும்ப விழுந்தால்

விழுவீர்கள். நானும் விழுகிறேன். அப்போது "அப்ப கிருபை இருக்கே, என்ன வேணும்னாலும் பண்ணலாமா?" என்று ஒரு கேள்வி வரும். பவுலிடமே கேட்டிருக்கிறார்கள். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா என்று கேட்டு, "கூடாதே" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார். அண்டா நிறையச் சோறு இருக்கிறது என்பதற்காக யாரும் இலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதில்லை.

மாற்றம் மெதுவாகவும் வரும் என்பதற்கு ஜான் நியூட்டனைப் பார்க்கலாம். "அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதியவர். 1748-ல் கடற்புயலில் சாகக் கிடந்தபோது கடவுளைக் கூப்பிட்டார். அதோடு அவர் மனம் திரும்பிவிட்டதாகக் கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாகவே ஆனார். 1754 வரை ஆப்பிரிக்க மனிதர்களைச் சங்கிலியில் கட்டி ஏற்றிச் சென்றார், கப்பலில் ஞாயிறு ஆராதனையும் நடத்தினார். ஓல்னி என்ற ஊரில் போதகராகி, 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அந்தப் பாட்டை எழுதினார். அடிமை வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதி, தன் பங்கை ஒப்புக்கொண்டது 1788-ல். புயலிலிருந்து கணக்குப் போட்டால் நாற்பது வருஷம். இதைப் படித்து எனக்கு ஆறுதலும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்த நாற்பது வருஷத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். கண் தெரியாமல் இருந்தேன், இப்போது பார்க்கிறேன் என்று அந்தப் பாட்டில் வருகிறது. எழுதினபோதுகூட அவருக்கு முழுசாகப் பார்வை வந்திருக்கவில்லை. நமக்கும் இன்னும் தெரியாமல் ஏதாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அடுத்தவர் சுட்டிக்காட்டினால் கேட்டுக்கொள்வது நல்லது.

குடி, சூதாட்டம், போனில் ஆபாசம் மாதிரி ஒட்டிக்கொண்ட பழக்கமாக இருந்தால் ஜெபத்தோடு டாக்டரையும் ஆலோசகரையும் பாருங்கள். அதனால் கிருபை குறைந்துபோகாது.

உங்களுக்குக் கடன்பட்டவர் யார்?

கடைசியாகச் செய்ய வேண்டியது இது. மத்தேயு 18-ல் ஒரு ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவனுடைய கதை வருகிறது. ஒரு தாலந்து என்பது ஆறாயிரம் நாள் கூலி. பெருக்கினால் ஆறு கோடி நாள் வேலை. ராஜா அவ்வளவையும் தள்ளுபடி செய்துவிட்டார். வெளியே வந்தவன், தனக்கு நூறு நாள் கூலி தர வேண்டியவனைத் தொண்டையைப் பிடித்தான். நூறு நாள் கூலியும் சின்னக் காசு இல்லை, மூன்று மாச வருமானம். வலிக்கத்தான் செய்யும். உங்களுக்கு வலிக்கவில்லை என்று இயேசு சொல்லவில்லை.

ஒரே ஒருவர் பெயரை எழுதுங்கள். அடிக்கிறவரிடமோ ஆபத்தானவரிடமோ திரும்பப் போங்கள் என்று சொல்ல மாட்டேன், மன்னித்துவிட்டுத் தூரமாகவே இருக்கலாம். மற்றபடி, ஒரு போன் போதும்.

எனக்கு அது சித்தப்பா மகன். பாதிப் பாதியாக இருந்த கிணற்றுத் தண்ணீரில் என் பங்கை மூன்று வருஷம் விடவில்லை. பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. கலாத்தியரை எத்தனையாவது தடவையோ வகுப்பில் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்த ஒரு சனிக்கிழமை ராத்திரி கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தபோது எடுக்காமல் இருந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன். எடுத்துவிட்டான். "என்னண்ணே, இந்நேரத்துக்கு?" என்றான். சும்மாதான் என்றேன். முட்டி வலி என்றான், எந்த டாக்டரிடம் காட்டினாய் என்று கேட்டேன். மோட்டார் ரிப்பேர், காயில் கட்டப் போட்டிருக்கிறேன் என்றான். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டான். பத்து நிமிஷம் பேசியிருப்போம். கிணற்றைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வைக்கும்போது, "அசனம் என்னைக்குண்ணே இந்த வருஷம்?" என்று கேட்டான்.